கல்யாண ஆல்பம், ரீல்ஸ், பத்திரிக்கை டிசைன் பண்ண எந்த லேப்டாப் எடுக்கலாம்? உப்புக்காத்து ஊர்ல இருந்து ஒரு பதில்

தம்பி, நீ கேட்டது இதுதான். கீழக்கரையில வீட்ல இருந்தே பிரீலான்ஸா கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற, ரீல்ஸ் எடிட் பண்ற, அப்பப்ப கல்யாண அழைப்புப் பத்திரிக்கை டிசைனும் வருது, கையில 75 ஆயிரம் இருக்கு, கேமிங் லேப்டாப் எடுக்கவா இல்ல துபாய்ல இருக்க மச்சான்கிட்ட சொல்லி ஒரு பழைய மேக்புக் வாங்கவா. நான் பாம்பன்ல இருந்து பதினோரு வருஷமா இதே வேலதான் பாக்குறேன், மூணு லேப்டாப் மாத்திட்டேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படி.

முதல்ல முடிவ சொல்லிடுறேன். 75 ஆயிரத்தையும் மிஷினுக்கே கொட்டிராத. 60க்குள்ள லேப்டாப்பை முடி, மிச்சம் 15ஐ வெளி எஸ்எஸ்டி, பேக்கப் டிஸ்க், மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ்னு வச்சுக்க. மிஷின்ல பாக்க வேண்டியது முதல்ல ஸ்கிரீன், அடுத்து ராம், அடுத்து நம்ம ஊருக்கு சர்வீஸ் ஆள் வருவாங்களா, இதெல்லாம் பாத்த பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு. கடைக்காரங்க இந்த வரிசைய அப்படியே தலைகீழா சொல்லுவாங்க, ஏன்னா பாடி மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறது கிராபிக்ஸ் கார்டுக்குத்தான், ஸ்கிரீனுக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டுறதில்ல.

ஸ்கிரீன் பத்தி ஏன் இம்புட்டு அழுத்தி சொல்றேன்னா நான் அடி வாங்குனது அங்கதான். 2019ல ஒரு கேமிங் லேப்டாப் எடுத்தேன், கார்டு நல்ல கார்டு, கேம் எல்லாம் பறக்கும். ஸ்பெக் ஷீட்ல கடைசி வரியில 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு இருந்ததை நான் கவனிக்கல. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி ரெண்டுமே ஒரு ஸ்கிரீன் எவ்வளவு கலர் காட்டும்னு சொல்ற அளவுகோல். 45 என்டிஎஸ்சின்னா எஸ்ஆர்ஜிபி கணக்குல 62, 63 சதவீதம்தான் வரும், அப்படின்னா எஸ்ஆர்ஜிபியில இருக்க கலர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அந்த ஸ்கிரீன்ல வரவே வராது. தேவிபட்டினத்துல ஒரு கல்யாணம், பொண்ணுக்கு அரக்கு கலர் பட்டுப்புடவை, என் ஸ்கிரீன்ல அது வெளிறிப்போன காவி மாதிரி தெரியுது, நானும் கலரை ஏத்துறேன், இன்னும் கொஞ்சம் ஏத்துறேன், 38 ஷீட்டும் அப்படியே பிரிண்ட் லேபுக்கு போயிருச்சு. ஆல்பம் வந்து பிரிச்சா புடவை கண்ணக் குத்துது, எல்லார் முகமும் வெயில்ல வெந்த மாதிரி செவந்து கெடக்கு. பொண்ணோட அம்மா நாலு பக்கம் திருப்பிட்டு ஆல்பத்த மூடி வச்சாங்க, ஒரு வார்த்த சொல்லல, அது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. மொத்த ஆல்பமும் என் காசுல மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

அதனால ஸ்பெக்ல 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு எழுதியிருக்கணும், இல்லன்னா 72 சதவீதம் என்டிஎஸ்சின்னு இருக்கணும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 72ங்கிற நம்பரைப் பாத்து கம்மின்னு நெனச்சுராத. கலர் அளவு எதுவுமே போடாம வெறும் ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ்னு மட்டும் போட்டிருந்தா அது 45தான்னு வச்சுக்க. வெளிச்சம் 300 நிட்ஸாவது வேணும், 250ல நம்ம ஊர் பகல் வெளிச்சத்துல வராந்தால உக்காந்து வேல பாக்க முடியாது. இப்ப ஓஎல்இடி ஸ்கிரீனும் அந்த வெலைக்கு கெடைக்குது, பாக்க அழகா இருக்கும், ஆனா அதுல எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கான்னு பாத்துக்க, இல்லன்னா எல்லாம் தூக்கலா தெரிஞ்சு நீ கலரைக் கொறச்சு அனுப்புவ, பிரிண்ட் செத்துப்போய் வரும், எனக்கு ஆனதுக்கு நேர் எதிர். அப்புறம் ஃபோட்டோஷாப் டூல்பார் ஒரே எடத்துல நாளு பூரா நிக்கிறதால ஓஎல்இடியில வருஷக்கணக்குல தடம் விழவும் வாய்ப்பிருக்கு. கலர் அளக்குற கருவி வாங்கி வச்சா சரியாயிருமான்னு கேக்கலாம், நல்ல ஸ்கிரீனை அது இன்னும் சரியாக்கும், ஆனா ஸ்கிரீன்ல இல்லாத கலரை எந்தக் கருவியும் கொண்டுவராது.

இன்னொரு விஷயம், தனுஷ்கோடியிலயும் அரியமான்லயும் ப்ரீ வெட்டிங் எடுக்கிறோமே, அந்தக் கடலோட நீலப்பச்சை எஸ்ஆர்ஜிபிக்குள்ளயே முழுசா அடங்காது, அந்தப் பக்கந்தான் எஸ்ஆர்ஜிபிக்கு இடம் கம்மி. அதுனால கடல் பின்னாடி இருக்க ஷீட் மட்டும் ஒண்ணு முன்னாடியே டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாரு, எவ்வளவு நல்ல ஸ்கிரீனா இருந்தாலும்.

அடுத்து ராம். இதுக்கு கணக்கு போட்டுப் பாத்தாலே தெரிஞ்சிரும். 12×36 ஆல்பம் ஷீட், 300 டிபிஐ, அப்ப 3600 பெருக்கல் 10800, கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூணு பைட், ஷீட் முழுக்க நிறையுற ஒரு லேயர் மட்டும் 115 எம்பி பக்கம் ஆகுது. பேக்ரவுண்ட், டெக்ஸ்சர், மேல ஒரு கலர், பெரிய ஃபோட்டோ, மாஸ்க்னு பத்து லேயர் போனாலே 1 ஜிபி தாண்டிரும், கலரை இன்னும் நுணுக்கமா வைக்கிற 16 பிட்ல வச்சிருந்தா அது ரெண்டு மடங்கு, அது போக ஃபோட்டோஷாப் அண்டூ பண்றதுக்குன்னு பழசையும் ஞாபகம் வச்சுக்கிட்டே வரும். நாலு ஷீட் ஒண்ணா தொறந்து வச்சு, பக்கத்துல பிரவுசர்ல வாட்ஸ்அப்பும் ஓடினா 8 ஜிபி மூச்சு முட்டிரும். 16 ஜிபிதான் ஆரம்பம். ஆனா 16ன்னு எழுதியிருக்கறது மட்டும் போதாது, அது போர்டுலயே சால்டர் பண்ணதா, இல்ல கழட்டி மாட்டுற ஸ்லாட்டான்னு கேளு. ஒல்லியா அழகா இருக்க பல மாடல்ல சால்டர்தான், நாளைக்கு ஏத்தவே முடியாது. ரெண்டு ஸ்லாட் இருந்து ஒண்ணுல 16 போட்டு இன்னொண்ணு காலியா இருக்க மாடல் கெடச்சா அதுதான் நமக்கு. முன்னெல்லாம் நானே சொல்லுவேன், 8 ஜிபியோட வாங்கு, அப்புறமா கம்மி வெலையில ஏத்திக்கலாம்னு. 2025 கடைசியில இருந்து ராம் வெல எகிறிப்போச்சு, எஸ்எஸ்டியும் ஏறிருச்சு, பெரிய பெரிய ஏஐ சர்வர்காரங்க மெமரிய அள்ளிட்டுப் போறாங்க, அதனால அந்த யோசனை இப்ப சரிவராது, 16ஐ மிஷினோடயே வாங்கிரு.

வீடியோவுக்கு வருவோம். நீ ரீல்ஸ்தான் பெரும்பாலும் பண்றேன்னு சொன்ன, ஃபோன்லயும் கேமராலயும் எடுத்த 1080, 4கே கிளிப். இதுக்கு பெரிய கார்டு தேவையே இல்ல, கோடெக்கை, அதாவது வீடியோவ சுருக்கி வச்சிருக்க முறைய, பிரிக்கிற வேலைய எந்த சிப்பு செய்யுதுங்கறதுதான் விஷயம். இப்ப வர்ற கேமராங்கள்ல 4:2:2 10 பிட் ஹெச்.265னு கலர் விவரம் அதிகமா வைக்கிற ஒரு கோடெக்ல எடுக்குறாங்க, அந்த ஃபைல டைம்லைன்ல போட்டா பல லேப்டாப் தடுக்கித் தடுக்கி ஓடும். இன்டெல் 11வது தலைமுறையில இருந்து உள்ளயே இருக்க கிராபிக்ஸ் அத நேரா பிரிச்சுரும், ஆப்பிள் எம் சிப்பும் பிரிச்சுரும், என்விடியால ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலதான் அது வந்துச்சு, 30லயும் 40லயும் இல்ல. அதனால ஆர்டிஎக்ஸ் 4050 இருந்தும் ஃபைல் தடுக்குதேன்னு ஒருத்தன் கேட்டா ஆச்சரியப்படாத. உனக்கு இன்டெல்ல ஹெச் வகை (பேர்ல ஹெச்னு முடியுற, வேகமான) சிப்பு, 12ஆவது தலைமுறையோ அதுக்கு மேலயோ எடுத்தா போதும். டாவின்சி ரிசால்வ்ல கலர் கிரேடிங், நாய்ஸ் ரிடக்ஷன்னு ஆழமா போறவங்களுக்கு தனி கார்டு கட்டாயம் வேணும், அப்பவும் கார்டு பேரை மட்டும் பாக்காம எத்தன வாட்ஸ்ல ஓடுதுன்னு பாக்கணும், ஒரே 4050ய ஒரு கம்பெனி 35 வாட்ல ஓட்டுவான் இன்னொரு கம்பெனி 100 வாட்டுக்கு மேல ஓட்டுவான், ரெண்டும் ஒரே வேகம் கெடையாது. மத்தபடி தடுக்குற ஃபைலுக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் ஒரு சின்ன நகல், போட்டு எடிட் பண்ணிப் பழகு, இருபதாயிரம் ரூவா மிச்சப்படுத்துற பழக்கம் அது.

இப்ப நம்ம ஊர் விஷயம். இத மெட்ராஸ்ல இருந்து லேப்டாப் பத்தி பேசுறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ல தொறந்தாங்கல்ல, அதுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு, பாலிசிலாக்சேன்னு ஒரு தனி பெயின்ட் அடிச்சாங்க, 1914ல தொறந்த பழைய பாலத்த துரு எப்படித் தின்னுச்சுன்னு பாத்ததுனாலதான். இரும்புப் பாலத்துக்கே அந்த கெதின்னா லேப்டாப் உள்ள இருக்க மெல்லிசு செம்புக்கு என்ன ஆகும்னு யோசி. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து அடிக்கும்போது அடுப்படியில உப்பு ஜாடி தானா நீர்விட்டு நிக்குமே, அதேதான் உள்ள நடக்குது. சாதா உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா ஈரத்த இழுத்து கரைய ஆரம்பிச்சுரும், கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது இன்னும் கம்மி ஈரப்பதத்துலயே இழுக்கும். லேப்டாப் ஃபேன் நாளு பூரா அந்தக் காத்த உள்ள இழுத்து போர்டு மேல மெல்லிசா உப்பைப் படிய வைக்குது, அது ஈரமாகுது, மேல கரண்ட் ஓடுது, செம்பு பச்சை பூத்துரும். என்னோட ரெண்டாவது லேப்டாப்ப ராம்நாட்டுல தொறந்து காட்டுனப்ப ஹீட்சிங்க் இடுக்குல வெள்ளையும் பச்சையுமா பவுடர் கெடந்துச்சு, ஒரு யூஎஸ்பி போர்ட் உள்ள பின்னு கருத்துப்போயிருந்துச்சு, வாங்கி ரெண்டரை வருஷந்தான் ஆகியிருந்துச்சு.

பயந்துராத, வழி இருக்கு. கடல் பக்கம் பாத்த ஜன்னலுக்கு நேரா மேசை போடாத. மெத்த மேல, தலகாணி மேல வச்சு ஓட்டாத, அடியில காத்து அடைக்கும். வேல முடிஞ்சா தெறந்து போடாம மூடுற மாதிரி பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வை, கேமரா லென்ஸையும் அதே டப்பாவுல வச்சுக்க, பூஞ்சையும் புடிக்காது. ஜெல் நெறம் மாறுனா லேசா சூடு பண்ணுனா மறுபடி வேல செய்யும். யூஸ் பண்ணாத போர்ட்டுக்கு ரப்பர் மூடி கெடைக்குது, வாங்கி சொருகி வை. ஏசி ரூம்ல இருந்து நேரா வெளிய கொண்டு வந்து ஆன் பண்ணாத, குளுந்த பாடி மேல தண்ணி பூக்கும், பையிலயே அரமணி நேரம் கெடக்கட்டும். மாசக்கணக்கா ஓட்டாம வைக்கிறதும் தப்பு, தெனம் கொஞ்ச நேரம் ஓடுற மிஷின் உள்சூட்டுல காஞ்சு நிக்கும். வருஷத்துக்கு ஒரு தரம், மழ முடிஞ்சு தை மாசத்துல, கழட்டி சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்திரு.

சர்வீஸ் பத்தி நான் சொல்றதைவிட நீயே செக் பண்றது நல்லது. வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியோட கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டு உன் பின்கோடை சொல்லு, 623ல ஆரம்பிக்கிற நம்ம பின்கோடுக்கு வீட்டுக்கு ஆள் வருவாங்களா, இல்ல மிஷினை நாம தூக்கிட்டு மதுரை போகணுமான்னு கேளு. ராமநாதபுரத்துல இருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல, உனக்கு கீழக்கரையில இருந்து இன்னும் கூட, போயி குடுத்துட்டு வந்து மறுபடி போயி வாங்குனா ரெண்டு நாள் வேல போச்சு, முகூர்த்த மாசமா இருந்தா ரெண்டு பார்ட்டியும் போச்சு. வீட்டுக்கு வர்ற வாரன்டி ரெண்டாயிரம் மூவாயிரம் சேத்துக் கேட்டாலும் கொடு.

மேக் எடுக்கலாமான்னு கேட்டல்ல, நேர்மையா ரெண்டு பக்கமும் சொல்றேன். மேக்புக் ஏர் எம்1 2020ல வந்தது, அதுலயும் அதுக்கப்புறம் வந்த ஏர் எதுலயும் ஃபேன் கெடையாது, உப்புக்காத்த உள்ள இழுக்காது, நம்ம ஊருக்கு இது பெரிய விஷயம். ஸ்கிரீன் நல்லாருக்கும், கரண்ட் இல்லன்னாலும் அதே வேகத்துல ஓடும். கேமிங் லேப்டாப் அப்படியில்ல, சார்ஜர உருவுனா பாதி வேகம் கூட வராது, ரெண்டு மணி நேரத்துல பேட்டரி படுத்துரும், மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலையில இருந்து கரண்ட் எடுக்குற அன்னிக்கு அது ரொம்பத் தெரியும். ஆனா பழைய ஏர் பெரும்பாலும் 8 ஜிபி, 256 ஜிபியாத்தான் கெடைக்கும், ரெண்டையும் ஏத்த முடியாது, 2024 கடைசியிலதான் ஆப்பிள் ஏருக்கு அடிப்படையா 16 ஜிபி கொடுக்க ஆரம்பிச்சாங்க. ரீல்ஸுக்கு 8 போதும், 12×36 ஆல்பத்துக்கு மேல சொன்ன கணக்கை நீயே பாத்துக்க. ஒரு தடவ போர்டு போனா ராமும் எஸ்எஸ்டியும் அதோடயே போகும், உள்ள இருக்க ஃபைல் உட்பட.

அதவிட பெருசு பத்திரிக்கை வேல. நம்ம பக்கம் பிரஸ்காரங்க இன்னும் கோரல்டிரா ஃபைல்தான் கேக்குறாங்க, சில பேரு பேஜ்மேக்கர்ங்கற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்ல தட்டச்சு பண்ணி வச்ச மேட்டரை அனுப்பி இதுல பேரை மட்டும் மாத்துங்கன்னுவாங்க, ஃபான்ட் பாமினியா இருக்கும் இல்ல வானவில்லா இருக்கும். கோரல் மேக்குக்கும் இருக்கு, ஆனா பேஜ்மேக்கர் இன்னிக்கி மேக்ல ஓடாது, என்ஹெச்எம் ரைட்டர் மாதிரி நாம பழகுன டைப்பிங் சாஃப்ட்வேர் விண்டோஸுக்குத்தான். உன் வருமானத்துல பத்திரிக்கை கால்வாசி இருந்தாக்கூட விண்டோஸ்லயே நில்லு. ரீல்ஸும் கலரும் மட்டுந்தான்னு பிற்பாடு முடிவு பண்ணா அப்ப 16 ஜிபி ஏர் எடு, நானே எடுக்கச் சொல்லுவேன். இதோட சேத்து ஒண்ணு, ஃபோட்டோஷாப்ல யூனிகோட் தமிழ் அடிச்சா கொம்பு எழுத்துக்கு பின்னாடி போயி நிக்கும், நெறைய பேர் அது ஃபான்ட் கோளாறுன்னு நெனைக்கிறாங்க, ப்ரிஃபரன்ஸ்ல டைப் பக்கம் போயி வேர்ல்ட் ரெடி லேஅவுட்ட தேர்ந்தெடு, பழைய வெர்ஷன்ல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும், சரியாயிரும்.

சபுர்ல (வெளிநாட்டுல) இருந்து வர்றவங்க கொண்டு வர்ற மிஷின் பத்தி. 18 வயசு தாண்டுன ஒருத்தர் ஒரு லேப்டாப் வரைக்கும் வரி கட்டாம கொண்டு வரலாம், அது பிரச்சினை இல்ல. ஆனா அங்க வாங்குனதுக்கு இங்க வாரன்டி செல்லுமாங்கறது மாடலுக்கு மாடல் மாறும், சீரியல் நம்பர வச்சு வாங்குறதுக்கு முன்னாடியே கேக்கணும், பில்லையும் மறக்காம வாங்கிட்டு வரச் சொல்லு. கீபோர்டுல அரபி எழுத்தும் சேந்திருக்கும், பிளக் மூணு தட்டைக் கால் வச்சதா இருக்கும். பழைய மேக்னா பேட்டரி சைக்கிள் கவுன்ட், அதாவது எத்தன தடவ முழு சார்ஜ் தீந்திருக்குங்கற எண்ணிக்கை, பாரு, ஆயிரந்தான் அதோட கணக்கு, எழுநூறு தாண்டியிருந்தா பேட்டரி செலவையும் வெலையில கழிச்சுப் பேசு. முன்னால வச்சிருந்தவரோட ஐகிளவுட் கணக்கு கழட்டியிருக்கணும், ஆபீஸ்ல கொடுத்த மிஷினா இருந்தா தொடவே தொடாத, கம்பெனி பூட்டு எப்ப வேணா விழும். பழைய விண்டோஸ் மிஷின்னா இன்டெல் 8ஆவது தலைமுறைக்குக் கீழ வேண்டாம், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு.

மிச்சம் வச்ச 15 ஆயிரம் எதுக்குன்னா, 4கேல 100 எம்பிபிஎஸ்ல (வினாடிக்கு 100 மெகாபிட்) எடுக்குற கேமரா மணிக்கு 45 ஜிபி எழுதும், ரெண்டு கேமரா நாலு நாலு மணி நேரம்னா ஒரு கல்யாணத்துக்கு 360 ஜிபி. 512 ஜிபி லேப்டாப்புக்குள்ள இத வச்சு எப்படி எடிட் பண்ணுவ. 1 டிபி வெளி எஸ்எஸ்டியில நடப்பு வேல, ஒரு சாதா ஹார்ட் டிஸ்க்ல பேக்கப், பார்ட்டி ஆல்பத்த வாங்கி ஓகே சொல்ற வரைக்கும் ரெண்டு எடத்துலயும் இருக்கணும், கேமரா மெமரி கார்டை அதுவரைக்கும் அழிக்கவே கூடாது. கல்யாணத்த மறுபடி எடுக்க முடியாதுப்பா, இதுல மட்டும் சோம்பேறித்தனம் பண்ணிராத. கரண்ட் போனா லேப்டாப் ஓடும், வைஃபை போயிரும், சென்னை கிளையன்டுக்கு பாதி ஏறுன ஃபைல் நின்னுரும், அதுக்குத்தான் மோடத்துக்கு அந்தக் குட்டி யூபிஎஸ். மெட்டல் பாடியில கை வச்சா சுர்ருன்னு இழுத்தா பிளக்குல எர்த் இல்லன்னு அர்த்தம், எலக்ட்ரீஷியன கூப்புட்டு எர்த்திங் பாக்கச் சொல்லு.

கடைக்குப் போறப்ப ஒரு பென்டிரைவ்ல உன்னோட பெரிய 12×36 பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்) ஒண்ணு, கேமரால எடுத்த 4கே கிளிப் ஒண்ணு, ஏற்கெனவே பிரிண்ட் போட்ட ஒரு ஷீட்டோட ஜேபெக் ஒண்ணு எடுத்துக்க, அந்தப் பிரிண்ட் ஷீட்டையும் கையிலயே கொண்டு போ. டெமோ மிஷின்ல ஜேபெக்கைத் தொறந்து பிரிண்ட்ட பக்கத்துல புடி, புடவைக் கலரும் முகமும் ஒத்துப்போகுதான்னு பாரு, ஸ்கிரீனை பக்கவாட்டுல இருந்தும் பாரு. கடைக்காரர் பென்டிரைவ் போட விடலன்னா அடுத்த கடைக்குப் போயிரு. வாங்குறதுக்கு முன்னாடி மாடல் நம்பரை முழுசா, கடைசி எழுத்து வரைக்கும் எனக்கு அனுப்பு, ஒரே பேர்ல 45 ஸ்கிரீனும் 100 ஸ்கிரீனும் வருது, அந்தக் கடைசி ரெண்டு எழுத்துலதான் எது எதுன்னு தெரியும்.